மலையிறக்கத்தில் இடது விரலுக்கு ஒரு வேலை

டுரியான் பருவம் வந்துவிட்டால் பினாங்குத் தீவின் கார்களெல்லாம் பாலிக் பூலாவ் பக்கம் திரும்பிவிடும். போகும்போது மலை ஏற வேண்டும். வரும்போது இறங்க வேண்டும். ஏறும்போது எல்லோரும் காரைப் பற்றிக் கவலைப்படுகிறோம். "இழுக்குமா, இழுக்காதா?" என்று கேட்கிறோம். இறங்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கார் தானாக ஓடுகிறதே, பிறகென்ன என்ற நினைப்பு. ஆபத்து அந்த நினைப்பில்தான் இருக்கிறது என்பதை நான் பாடநூலில் இருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஜாலான் துன் சார்டோனில், பாயா தெருபோங் பக்கம் இறங்கும் வளைவுகளில் கற்றுக்கொண்டேன்.

காரில் நான்கு பேர். பின்னால் ஒரு கூடை டுரியான். மழை விட்டு, சாலை பாதி காய்ந்திருந்தது. முன்னால் ஒரு லோரி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்ததால், கியரை 'டி'யில் விட்டுவிட்டு, காலைப் பிரேக்கில் இருந்து எடுக்காமலேயே வந்தேன். சிறிது நேரத்தில் கருகிய வாடை. "யாரோ குப்பை எரிக்கிறார்கள்" என்றார் அம்மா. அடுத்த வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. எரிந்தது குப்பை அல்ல, என் காரின் பிரேக்தான் என்று அப்போது புரிந்தது. நல்லவேளையாகச் சாலையோரம் சற்று அகலமான இடம் கிடைத்தது, நிறுத்தினேன். நான்கு பேரும் அரை மணி நேரம் கொசுக்கடியில் நின்றோம்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஆற்றல் அழியாமைக் கோட்பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிற ஆசிரியை நான். என் ஸ்டீயரிங்கின் பின்னால், இடமும் வலமுமாக இரண்டு சிறு துடுப்புகள் இருந்தன. கார் வாங்கி மூன்று ஆண்டுகளாகியும் அவற்றை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. 'அது ரேஸ் ஓட்டுகிற பையன்களுக்கு' என்று நினைத்திருந்தேன். இந்தக் கட்டுரை அந்த நினைப்பை மாற்றுவதற்காகத்தான்.

பந்தயத் தடத்தில் பிறந்தது

பேடல் ஷிஃப்டர் என்கிறோம். இங்கே பேடல் என்றால் துடுப்பு. காலால் மிதிக்கும் பெடல் அல்ல. வலது துடுப்பில் கூட்டல் குறி, இடது துடுப்பில் கழித்தல் குறி. வலதை இழுத்தால் கியர் ஒரு படி மேலே போகும். இடதை இழுத்தால் ஒரு படி கீழே வரும்.

இதன் பிறப்பிடம் பந்தயத் தடம் என்பது உண்மைதான். பொறியாளர் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 என்ற ஃபார்முலா 1 கார், ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்காமலே கியர் மாற்றும் வசதியோடு 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரேசிலில் முதன்முறையாகப் போட்டியில் இறங்கியது. புதிய கருவி பாதி வழியில் பழுதாகிவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் நைஜல் மேன்சல் அந்த முதல் போட்டியிலேயே வென்றுவிட்டார். 1997இல் ஃபெராரி எஃப்355 மூலம் அது சாலைக் கார்களுக்கும் வந்தது. இன்று நம் நாட்டில் ஹோண்டா சிட்டி, டொயோட்டா வியோஸ் போன்ற குடும்பக் கார்களின் சில ரகங்களிலேயே இது கிடைக்கிறது.

பந்தயத்திலும் இடது துடுப்புக்கு முக்கியமான வேலை உண்டு. நேர்ப்பாதையில் பறந்து வரும் ஓட்டுநர், வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்துக்கொண்டே இடது துடுப்பைப் படிப்படியாக இழுத்துக் கியரைக் குறைப்பார். வேகம் கூட்டும் கருவியாக நாம் நினைப்பது, வேகத்தைக் கட்டுக்குள் கொண்டுவரவும் பயன்படுகிறது. குடும்பக் காருக்குத் தேவையானது இந்த இரண்டாவது பாதிதான்.

மலை கொடுத்த கடன்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடும் பழத்தோடும் சேர்த்துக் காரின் எடை 1400 கிலோ. இறங்கும் உயரம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 27 லட்சம் ஜூல் வருகிறது. ஏறும்போது பெட்ரோலை எரித்து மலையில் நாம் போட்டு வைத்த ஆற்றல் இது. இறங்கும்போது மலை அதை அப்படியே திருப்பித் தருகிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. இந்த ஆற்றலைக் கொண்டு நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 9 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சாய்வு 7 விழுக்காடு என்றால் சாலையின் நீளம் 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க நான்கேகால் நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுவதும் நொடிக்குச் சுமார் 10 கிலோஜூலுக்கும் மேலான ஆற்றல் வெளியாகிறது. உங்கள் குளியலறையில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் மூன்றை ஒரே நேரத்தில் திறந்துவிட்டதற்குச் சமம் இது. காற்றின் தடையும் டயர் உருளும் தடையும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகும்? பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால், அத்தனையும் பிரேக் தட்டுக்குத்தான். நான்கு சக்கரங்களின் பிரேக் இரும்பும் சேர்ந்து 20 கிலோ என்று கொண்டால், காற்று குளிர்விக்காத நிலையில் அதன் வெப்பம் 200 பாகை செல்சியசுக்கும் மேல் உயரும். காற்று ஓரளவு குளிர்விக்கும் என்பதால் உண்மையில் அவ்வளவு போகாது. ஆனால் முன் சக்கரங்களே அதிக வேலை செய்வதால், அங்கே உள்ள தட்டுகள் சராசரியைவிட அதிகமாகவே காயும்.

காய்ந்தால் என்ன? இரண்டு கேடுகள். ஒன்று, பிரேக் கட்டையைப் பிணைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிய சூட்டில் வாயுவை வெளிவிடும். கட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் அது புகுந்துகொள்ள, உராய்வு குறையும். நீங்கள் மிதிப்பீர்கள், கார் நிற்க மறுக்கும். கருகிய வாடை இதன் முன்னறிவிப்பு.

இரண்டாவது, இதைவிட மோசமானது. உங்கள் கால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் எண்ணெய். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் அழுத்தம் முழுமையாகப் போய்ச் சேருகிறது. இது பாஸ்கல் கோட்பாடு. ஆனால் இந்த எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகைவரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கட்டுப்பாடு. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆவி சுருங்கக்கூடியது. நீங்கள் மிதிக்கும் விசை குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். மிதி பஞ்சு போல் இறங்கும். என் காரைப் பார்த்த பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்பது. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நம் தீவின் ஈரக்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சினே பிரேக்

இனி இடது துடுப்புக்கு வருவோம். காலை எண்ணெய் மிதியில் இருந்து எடுத்தவுடன் எஞ்சினுக்குள் காற்று போகும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. ஆனால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுப்பது எவ்வளவு கடினம்? பிஸ்டன்களும் அப்படித்தான் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. அதோடு உள் உராய்வும் சேர்ந்து சக்கரங்களைப் பின்னுக்கு இழுக்கிறது. மலை தரும் ஆற்றலில் பெரும்பகுதியை எஞ்சின் விழுங்கி, சூட்டை ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே அனுப்பிவிடுகிறது. சூட்டை வெளியேற்றுவதற்கென்றே கட்டப்பட்ட இயந்திரம் அது. பிரேக்கோ சிறிது நேர வேலைக்குச் செய்யப்பட்டது.

'டி'யில் விட்டாலே இது நடக்காதா? நடக்கும், ஆனால் மிகக் குறைவாக. தானியங்கிக் கியரின் கணினி பெட்ரோலை மிச்சப்படுத்தப் பார்ப்பதால், முடிந்தவரை உயர்ந்த கியரைத் தேர்ந்தெடுத்து எஞ்சினை மெதுவாகச் சுழல விடும். மெதுவாகச் சுழலும் எஞ்சின் குறைவாகத்தான் இழுத்துப் பிடிக்கும். இடது துடுப்பை இழுத்துக் கியரைக் குறைத்தால் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது; பிடிமானம் கூடுகிறது. சில புதிய கார்கள் இறக்கத்தை உணர்ந்து தாமாகவே கியரைக் குறைக்கின்றன. ஆனால் அடுத்த வளைவு எவ்வளவு கூர்மையானது என்பது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

சிவிடி வகைக் கார்களில் பல் சக்கரக் கியர்களே இல்லை. இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும் ஒரு பட்டைதான். அவற்றிலும் துடுப்பை இழுத்தால் கணினி அந்த விகிதத்தைக் குறிப்பிட்ட படிகளில் நிறுத்தி வைக்கும். பலன் அதேதான்.

வழக்கமாக எழும் மூன்று மறுப்புகள்

"எஞ்சின் இரைகிறதே, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்காதா?" இல்லை. கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால், எஞ்சின் ஓரளவுக்கு மேல் வேகமாகச் சுழலும்வரை இன்றைய கார்கள் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடுகின்றன. எஞ்சினைச் சுழற்றுவது மலை; பெட்ரோல் அல்ல. மாறாக, மிச்சம் பிடிப்பதாக எண்ணி 'என்' கியருக்கு மாற்றி இறங்குகிறவர்கள்தான், எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோலைச் செலவழிக்கிறார்கள். எஞ்சினின் பிடிமானத்தையும் முழுதாக இழக்கிறார்கள். மலையில் 'என்' போட்டு இறங்குவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

"பிரேக் கட்டை சில நூறு ரிங்கிட், கியர் பெட்டி பல ஆயிரம். எதைத் தேய்ப்பது லாபம்?" இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சமதளச் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பதற்கெல்லாம் துடுப்பை இழுத்து விளையாட வேண்டியதில்லை; அங்கே பிரேக்தான் சரி. ஆனால் நீண்ட இறக்கத்தில் நாம் காப்பாற்றுவது பிரேக் கட்டையின் விலையை அல்ல. தேவைப்படும் அந்த ஒரு நொடியில் பிரேக் வேலை செய்யும் என்ற உறுதியை. அதோடு, எஞ்சினுக்குக் கேடு வரும் அளவுக்குக் கியரைக் குறைக்க முயன்றால் கணினியே அதை ஏற்க மறுத்துவிடும்.

"என் காரில் துடுப்பு இல்லையே?" கவலை வேண்டாம். கியர் தண்டில் 'எல்', '2', 'எஸ்', 'பி', 'எம்' என்று ஏதோ ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும். கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். விரலால் செய்வதைக் கையால் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

செய்யும் முறை

இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, இடது துடுப்பை ஒரு படி இழுங்கள். போதவில்லையென்றால் இன்னொரு படி. எண்ணெய் மிதியையோ பிரேக்கையோ அதிகம் தொடாமல் கார் ஒரே சீராக இறங்கினால் அதுதான் சரியான கியர். பல கார்களில் 'டி'யில் இருந்தபடி துடுப்பை இழுத்தால், சற்று நேரத்தில் கணினி மீண்டும் தன் விருப்பப்படி கியரை உயர்த்திவிடும். எனவே நீண்ட இறக்கத்தில் 'எம்' அல்லது 'எஸ்' நிலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கியரை வளைவுக்குள் குறைக்காதீர்கள். வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஈரச்சாலையில் திடீரெனக் குறைத்தால் எஞ்சின் இழுக்கும் சக்கரங்கள் வழுக்கக்கூடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். எஞ்சின் பிடித்து இழுக்கும்போது உங்கள் காரின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் ஒட்டி வரும் மோட்டார் சைக்கிளுக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. எனவே பிரேக்கை ஒருமுறை இலேசாகத் தொட்டுக் காட்டுங்கள்.

பிரேக்கை எப்போதும் இலேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். தேவைப்படும்போது உறுதியாக மிதித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். விடும் நேரத்தில்தான் தட்டு குளிர்கிறது. வாடை வந்துவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். காய்ந்த தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு கோணிக்கொள்ளும். மிதி இறங்கிவிட்டால் பதறாமல் பலமுறை விட்டு விட்டு மிதியுங்கள், கியரைப் படிப்படியாகக் குறையுங்கள், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள்.

நூற்றாண்டுக்கு முந்தைய பாடம்

மலை தரும் ஆற்றலைச் சூடாக்கி வீணாக்குவதைத் தவிர வேறு வழியே இல்லையா? இருக்கிறது, அதை நம் தீவிலேயே நூறாண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறோம். ஆயர் ஈத்தாமில் இருந்து பினாங்கு மலைக்குச் செல்லும் இழுவை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. ஒரே கம்பி வடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது. இறங்குகிற பெட்டி இழக்கும் ஆற்றலை ஏறுகிற பெட்டி வாங்கிக்கொள்கிறது. மோட்டார் ஈடுகட்டுவது இரண்டுக்கும் உள்ள எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே.

இன்றைய மின்சாரக் கார்களும் ஹைபிரிட் கார்களும் அதே பாடத்தை வேறு வழியில் செய்கின்றன. இறங்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, மலை தரும் ஆற்றலை மின்கலத்தில் சேமிக்கிறது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீயரிங் துடுப்பு கியரை மாற்றுவதில்லை; எவ்வளவு ஆற்றலைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது. ஆனால் மின்கலம் நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது; பிடிமானம் குறையும். மலை உச்சியில் முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு இறங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சொல்லித் தருவது யார்?

நம் மலைச்சாலைகளில் 'குனாகான் கியர் ரெண்டா', அதாவது தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள் என்ற பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். கைமுறைக் கியர் காலத்தில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. 'எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு' என்பது பழைய லோரி ஓட்டுநர்களின் பாலபாடம். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் கல்லட்டிச் சாலையில் ஓட்டுகிறவர்களும் இதையே சொல்வார்கள். இன்றோ, தானியங்கிக் காருக்கு மட்டுமான 'டிஏ' உரிமம் பெறும் இளையோர் பெருகிவிட்டார்கள். தாழ்ந்த கியர் என்றால் என்னவென்றே அறியாமல் அந்தப் பலகையைக் கடந்து போகிறார்கள். முன்னாள் மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "டீச்சர், அது லோரிக்குப் போட்டிருக்கும் போர்டு இல்லையா?" என்றாள்.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையில் இருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் காரணங்கள் பல; பேருந்தும் காரும் ஒன்றல்ல. ஆனால் இறக்கம் எந்த வாகனத்துக்கும் சலுகை காட்டுவதில்லை.

வாகனமோட்டும் பள்ளி மைதானத்தில் நான் மேட்டில் நிறுத்தி ஏறும் சோதனைக்காகப் பல மணி நேரம் பயிற்சி எடுத்தேன். நீண்ட இறக்கத்தில் எப்படி இறங்குவது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானியங்கிக் கார் பயிற்சியில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பினாங்கில் அதற்குச் சாலை தேடி அலைய வேண்டியதில்லை. காரை ஒப்படைக்கும் விற்பனையாளர், பாட்டு கேட்கும் திரையை விளக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை அந்தத் துடுப்புக்கும் ஒதுக்கலாம். ஆசிரியர்களான நாமும் நிலையாற்றலைக் கற்பிக்கும்போது, மேசையில் இருந்து விழும் பந்தோடு நிறுத்திவிடாமல் ஜாலான் துன் சார்டோன் வரை மாணவரை அழைத்துப் போகலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஞாயிறு, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், மிதமான வேகத்தில் இடது துடுப்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எஞ்சின் ஓசை உயர்வதையும் கார் தானே அடங்குவதையும் ஒருமுறை உணர்ந்துவிட்டால் பயம் போய்விடும். கையோடு பிரேக் எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்றும் பாருங்கள். பிறகு நிம்மதியாக பாலிக் பூலாவ் போய் வாருங்கள். டுரியான் வாடையைத் தவிர வேறு வாடை காருக்குள் வராது.